மாலை வகுப்புகளும் மேயரின் கருவூலமும்

முதியோர் கல்வி என்றவுடனே நம்மில் பலருடைய மனக்கண்முன் தோன்றுவது, அரிக்கேன் விளக்கொளியில் சிலேட்டைக் கையில் பிடித்தபடி உயிரெழுத்துகளை எழுதிப் பழகும் நரைத்த தலைகளே. அக்காட்சி பொய்யன்று, ஆனால் அது மட்டுமே முதியோர் கல்வியும் அன்று. செல்வச் செழிப்புமிக்க நாடென்று நாம் எண்ணும் இங்கிலாந்திலேகூட, பள்ளிப்பருவம் கடந்து பல்லாண்டுகள் சென்றபின் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு வகுப்புக்குச் செல்வோர் ஆண்டுதோறும் பல இலட்சம் பேர் உளர். 1999ஆம் ஆண்டில் மோசர் என்பாரின் தலைமையில் அமைந்த குழு, அந்நாட்டில் வளர்ந்தவர்களுள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் அன்றாட வாழ்வுக்குப் போதுமான எழுத்தறிவும் எண்ணறிவும் இல்லாதிருக்கின்றார் என்று அறிவித்தபோது, ஆங்கிலேயரே திகைத்தனர்.

இவ்வகுப்புகளுக்கு வருவோர் யாவர்? மகனின் பள்ளியிலிருந்து வந்த கடிதத்தைப் படிக்கத் தெரியாமல் அலமாரியில் மறைத்துவைத்த தாய்; தொழிற்சாலை மூடப்பட்டதால் ஐம்பது வயதில் கணினி கற்க வேண்டிய நிலைக்கு வந்த தந்தை; மனைவியை இழந்தபின் வாரத்தில் ஒரு நாளேனும் மனித முகம் காண விழைந்து ஓவிய வகுப்பில் சேரும் முதியவர். நம்மவரும் உளர். 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழே தம் முதன்மை மொழி எனக் கூறியோர் ஒரு இலட்சத்துக்குச் சற்று மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பாலோர் இலண்டனிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் ஈழத்தமிழர். பிள்ளைகளைப் பின்தொடர்ந்து சென்ற அம்மாமார், தம் நெஞ்சுவலி எத்தகையது என்பதை மருத்துவரிடம் தாமே எடுத்துரைக்க நான்கு ஆங்கிலச் சொற்களைத் தேடி இவ்வகுப்புகளின் வாயிலில்தான் வந்து நிற்கின்றனர். வகுப்புகள் நடைபெறும் இடங்களோ பெரும் கல்லூரிக் கட்டடங்கள் மட்டுமல்ல. நூலகத்தின் மேல்மாடி, தொடக்கப்பள்ளியின் ஓர் அறை, ஆலயத்தை அடுத்த பங்கு மண்டபம் ஆகியவையுமாம்.

இவ்வகுப்புகளுக்குப் பணம் தருபவர் யார்? எந்த ஊரில் எந்த வகுப்பு வேண்டும் என்று முடிவு செய்பவர் யார்? இவ்வினாக்களுக்கு இங்கிலாந்து 2019 முதல் புதியதொரு விடையை எழுதி வருகின்றது. நடுவண் அரசின் கையிலிருந்த முதியோர் கல்விப் பணம், வட்டாரங்களின் மக்கள் தேர்ந்தெடுத்த மேயர்களின் கைக்கு மாறிக்கொண்டிருக்கின்றது. அதிகாரம் மக்களின் அருகில் வருவது நன்றே. ஆயினும் அருகில் வரும் அதிகாரம் தானாகவே கனிவுடையதாகி விடுவதில்லை என்பதையும், அது வந்து சேருமுன்னரே சிறிய வகுப்புகளை நடத்துவோர் தம்மை ஆயத்தம் செய்துகொள்ள வேண்டும் என்பதையும் அந்நாட்டின் பட்டறிவு காட்டுகின்றது. அதனையே ஈண்டு ஆராய்வோம்.

இரண்டரை ஷில்லிங்

முதலில் ஒரு வரலாற்றுச் செய்தி. இங்கிலாந்தின் முதியோர் கல்வி அரசாணையால் பிறந்ததன்று. 1798ஆம் ஆண்டில் நாட்டிங்ஹாம் நகரில், பின்னலாடைத் தொழிற்சாலைகளில் உழைத்த இளம்பெண்களுக்கு வேதாகமம் வாசிக்கவும் எழுதவும் கற்பிக்கவென ஒரு முதியோர் பள்ளி தொடங்கப்பெற்றது. அதனைத் தொடங்கியவர் ஒரு மெதடிஸ்டு; அவருக்குத் தோள்கொடுத்தவர் ஒரு குவேக்கர். வெவ்வேறு சபையினர் ஒரே அறையில் நின்று பாடம் சொல்லித்தந்தது அக்காலத்தில் சிறிய செய்தியன்று.

1903ஆம் ஆண்டில் ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ் என்னும் எழுத்தர், தொழிலாளர் கல்விச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அவர் 14 வயதிலேயே பள்ளியை விட்டவர். சங்கத்தின் முதல் மூலதனம், அவருடைய மனைவி பிரான்சஸ் வீட்டுச் செலவுப் பணத்திலிருந்து எடுத்துக்கொடுத்த இரண்டரை ஷில்லிங் என்பர். (பெரிய அறப்பணிகள் பலவற்றின் கணக்கேட்டில் முதல் வரி அடுக்களையில் எழுதப்பட்டிருப்பதை நம் குடும்பத் தலைவியர் நன்கறிவர்.) அச்சங்கம் இன்றும் வாழ்கின்றது; நாடெங்கும் வகுப்புகள் நடத்துகின்றது.

1908ஆம் ஆண்டில், மட்பாண்டத் தொழில் நடைபெறும் லாங்டனிலும் நெசவு நகராகிய ராச்டேலிலும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் துணையோடு தொழிலாளர் வகுப்புகள் தொடங்கின. ஆசிரியர் ஆர்.எச். டானி, வெள்ளிக்கிழமை மாலையில் ஓர் ஊரிலும் மறுநாள் மற்றோர் ஊரிலும் பாடம் நடத்தினார். ஒரு மணி நேரம் விரிவுரை, ஒரு மணி நேரம் கலந்துரையாடல். மூன்றாண்டுகள் தொடர்ந்து வருவதாகவும், பதினைந்து நாளுக்கொரு கட்டுரை எழுதுவதாகவும் மாணவர் வாக்களிக்க வேண்டும். எந்தப் பாடம் வேண்டும் என்பதில் மாணவர்க்கே குரல் இருந்தது. ஆசிரியரைத் தந்தது பல்கலைக்கழகம். ஆட்களைத் திரட்டியது உள்ளூர்ச் சங்கம். இன்று ‘கூட்டுழைப்பு’ என்று அதிகாரிகள் அறிக்கைகளில் எழுதுவது, நூறாண்டுகளுக்கு முன்னரே நெசவாளர் ஊரில் நடந்தேறிய செயலேயாகும்.

கேம்பிரிட்ஜ் மாவட்டத்தின் கல்வி அலுவலராயிருந்த ஹென்றி மாரிஸ் கண்ட கனவையும் இங்குக் குறிப்பிட வேண்டும். அக்காலத்தில் அம்மாவட்டத்துச் சிற்றூர்கள் வறியவை. படித்த இளைஞர் நகர்களுக்குப் போய்விடுவர். பள்ளிக்கு ஒரு கட்டடம், நூலகத்துக்கு மற்றொன்று, ஊர்க்கூட்டத்துக்கு வேறொன்று எனப் பணத்தைச் சிதறடிப்பானேன் என்று கேட்டார் அவர். எல்லாவற்றையும் ஒரே வளாகத்தில் அமைத்தால், பகலில் சிறுவரும் மாலையில் அவர்தம் பெற்றோரும் அங்கே கற்கலாமே! 1930ஆம் ஆண்டில் சாஸ்டன் என்னும் ஊரில் முதல் கிராமக் கல்லூரி திறக்கப்பெற்றது. அதனைத் தொடர்ந்து மேலும் சில ஊர்களில் எழுந்தன. இதுவும் தலைநகரின் கட்டளையன்று. ஒரு மாவட்டம் தன் வறுமையை நோக்கித் தானே கண்டுபிடித்த வழி.

பிரிந்த குடும்பம்

காலப்போக்கில் அதிகாரம் மேலே ஏறிற்று. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் இப்பணியை உள்ளாட்சி மன்றங்களின் கடமையாக்கியது, அது வரவேற்கத்தக்கதே. ஆனால் 1992ஆம் ஆண்டுச் சட்டமொன்று குடும்பத்தைக் கூறுபோட்டது. 1993 ஏப்ரல் முதல் கல்லூரிகள் உள்ளாட்சியின் பொறுப்பிலிருந்து விலகின. தேர்வுக்கும் சான்றிதழுக்கும் இட்டுச்செல்லும் வகுப்புகளுக்குப் பணம் தர நாடு தழுவிய ஒரு நிதிக்குழு அமைந்தது. மற்றவை, அதாவது தையல், சமையல், ஓவியம், பெற்றோர்க்கான வகுப்பு, முதன்முதலாகத் துணிந்து வருவோர்க்கான வகுப்பு ஆகியவை, உள்ளாட்சி மன்றங்களின் தோளிலேயே விடப்பட்டன.

இப்பிரிவினை தவறானது என்பதே நம் கருத்து. சான்றிதழ் தரும் வகுப்பு ‘கல்வி’ என்றும், தராதது ‘பொழுதுபோக்கு’ என்றும் மேலிருந்து காண்போர்க்குத் தோன்றலாம். ஆனால் பள்ளியில் தோற்று அவமானப்பட்ட ஒருத்தி நேராகத் தேர்வு வகுப்பில் வந்து அமர்வாளா? அவள் முதலில், தன் குழந்தையின் பள்ளியில் ‘பிள்ளையோடு சேர்ந்து கதை படிப்போம்’ என்னும் ஆறு வார வகுப்புக்கு வருவாள். அங்கே ஆசிரியை கடிந்துகொள்ளவில்லை என்று கண்டபின் முதலுதவி வகுப்பு. பிறகு ஆங்கிலம், பிறகு கணிதம். நான்காம் ஆண்டில் அதே பள்ளியில் துணை ஆசிரியையாகப் பணிபுரிய விண்ணப்பம் எழுதுவாள். ஏணியின் முதற்படியைப் பொழுதுபோக்கு என்று வெட்டிவிட்டால் மேற்படிகளுக்கு ஆள் வருவதெப்படி?

பணத்தின் கதையோ மேலும் துயரமானது. சான்றிதழுக்கு வெளியேயான சமூகக் கல்விக்கு நாடு முழுவதற்கும் ஆண்டுக்கு ஏறத்தாழ 21 கோடி பவுண்டு என்னும் தொகை, விலைவாசி ஏற ஏற உயராமல் பல்லாண்டுகள் அப்படியே நின்றது. வகுப்பறையில் நடைபெறும் முதியோர் கல்வி முழுவதற்கும் ஆன அரசுச் செலவோ, 2003-04ஆம் ஆண்டுக்கும் 2019-20ஆம் ஆண்டுக்கும் இடையே, விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தால், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சுருங்கிவிட்டது. 2016இல் தொழிற்பயிற்சி வகுப்புகளின் பணமும் சமூகக் கல்விப் பணமும் ‘முதியோர் கல்வி நிதி’ என ஒன்றாக்கப்பட்டன. வட்டாரங்களிடம் ஒப்படைக்கப்பட்டது இவ்வாறு மெலிந்துபோன நிதியேயாகும். மரத்தை நன்றாகத் தறித்தபின் ‘இனி நிழல் தருவது உங்கள் பொறுப்பு’ என்று தோட்டக்காரனிடம் சொல்வது போன்றதே அது.

மேயர் வந்தார்

2014 நவம்பரில் மான்செஸ்டர் பெருநகரத்தின் பத்து மன்றங்களும் நடுவண் அரசும் ஓர் உடன்பாடு கண்டன. பல மன்றங்கள் சேர்ந்த கூட்டு ஆட்சியமைப்பு, அதற்கு மக்கள் நேரே தேர்ந்தெடுக்கும் மேயர் என்பது ஏற்பாடு. 2017 மே மாதத்தில் இத்தகைய மேயர்கள் பல வட்டாரங்களில் முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 2019 ஆகஸ்டு முதல் நாளன்று, முதியோர் கல்வி நிதி ஆறு கூட்டு ஆட்சியமைப்புகளுக்கும் இலண்டன் மேயருக்கும் கைமாறிற்று. மான்செஸ்டர் பெருநகரம், லிவர்பூல் நகர வட்டாரம், மேற்கு மிட்லண்ட்ஸ், டீஸ் பள்ளத்தாக்கு, இங்கிலாந்தின் மேற்கு வட்டாரம், நாம் மேலே கண்ட கேம்பிரிட்ஜ் மாவட்டமும் பீட்டர்பரோவும் சேர்ந்த வட்டாரம் ஆகியவையே அவ்வாறு. நாட்டின் நிதியில் ஏறத்தாழ பாதி இவ்வாறு இறங்கி வந்தது. இலண்டனின் பங்கு மட்டும் ஆண்டுக்கு 30 கோடி பவுண்டு அளவு. மான்செஸ்டருக்கு ஏறத்தாழ 9 கோடி. அடுத்த ஆண்டுகளில் வேறு வட்டாரங்களும் சேர்ந்தன.

நற்பயன் உடனே தெரிந்தது. இலண்டனில் வாடகையும் பயணச்செலவும் மிகுதி. ஆதலால் நாட்டின் பிற பகுதிகளுக்குப் பொருந்தும் வருமான வரம்பு அந்நகருக்குப் பொருந்தாது. மேயரின் அலுவலகம் அவ்வரம்பை இலண்டன் வாழ்க்கைச் செலவுக்கேற்ற ஊதிய அளவுக்கு உயர்த்திற்று. அதற்குக் குறைவாக ஊதியம் பெறும் துப்புரவுப் பணியாளரும் கடைப் பணியாளரும் கட்டணமின்றிப் படிக்கலாயினர். ஆங்கில வகுப்பில் சேர விரும்பிய எத்தனையோ குடியேறியோர்க்கு இது கதவைத் திறந்தது. காது கேளாதோர் தம் முதல் மொழியாகிய சைகைமொழியில் தகுதி பெறுவதற்கும் முழு உதவி கிடைத்தது. தொலைவிலிருந்த அமைச்சகம் காணாததை அருகிலிருந்தவர் கண்டனர். ஆங்கிலமும் கணிதமும் போதாதவர் அவற்றைக் கட்டணமின்றிக் கற்பது போன்ற சில உரிமைகளைச் சட்டமே காத்து நிற்கின்றது. அவற்றில் மேயர்களும் கைவைக்க இயலாது. இது நல்ல ஏற்பாடு.

ஆனால் சிக்கல்களும் உடன் வந்தன. ஒன்றை மட்டும் விளக்குவோம். பணம் வகுப்பு நடைபெறும் இடத்தைப் பொறுத்ததன்று. மாணவர் குடியிருக்கும் வீட்டின் அஞ்சல் குறியீட்டைப் பொறுத்தது. எல்லையோரத்து ஊரில் ஓர் ஆங்கில வகுப்பு நடக்கின்றதென வைத்துக்கொள்வோம். பதினைந்து பேர் வருகின்றனர். பதினொருவர் இந்த மேயரின் எல்லைக்குள் வாழ்பவர். மூவர் ஆற்றுக்கு அப்பால் வேறொரு மேயரின் எல்லையில். ஒருவர் மேயரே இல்லாத மாவட்டத்தில். ஆசிரியை ஒருத்தி, பாடம் ஒன்று, கரும்பலகை ஒன்று. ஒப்பந்தங்களும் விதிகளும் கணக்குகளும் மட்டும் மூன்று. பெரிய கல்லூரிக்கு இதற்கென எழுத்தர் உளர். சிறிய அமைப்போ, ‘எல்லைக்கு அப்பாலிருந்து வருவோர் வரவேண்டாம்’ என்று சொல்லும் நிலைக்குத் தள்ளப்படலாம். நாடெங்கும் பணியாற்றும் தொழிலாளர் கல்விச் சங்கம் ஒவ்வொரு வட்டாரத்தோடும் தனித்தனியே பேச வேண்டியதாயிற்று. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வருவோரைத் தங்கவைத்துப் படிப்பிக்கும் உறைவிடக் கல்லூரிகளின் பாடு இன்னும் கடினம்.

மற்றொரு நுட்பமும் உண்டு. இதனைப் பலர் காண்பதில்லை. இலண்டனிலிருந்து நோக்கினால் அதிகாரம் கீழே இறங்கியுள்ளது. ஒரு நகர மன்றத்தின் முதியோர் கல்வி நிலையத்திலிருந்து நோக்கினாலோ, அது ஒரு படி மேலே ஏறியுள்ளது! முன்னர் அந்நிலையம் நடுவண் நிதி நிறுவனத்திடமிருந்து நேரே மானியம் பெற்றது; தன் ஊருக்கு எது வேண்டும் என்பதைப் பெரும்பாலும் தானே தீர்மானித்தது. இப்போதோ இடையில் ஒரு வட்டாரப் பேரமைப்பு நிற்கின்றது. அதற்கெனத் திட்டங்கள் உள, வாக்குறுதிகள் உள. மேயர் என்பவர் தேர்தலில் நிற்பவர். ‘இத்தனை பேருக்கு வேலை வாங்கித் தந்தேன்’ என்பது மேடையில் சொல்லத் தகுந்த சொல். ‘கணவனை இழந்த ஒருவர் மீண்டும் சிரித்தார்’ என்பதை எந்தப் புள்ளிவிவரத்தில் எழுதுவது? 2025 ஏப்ரல் முதல் மான்செஸ்டருக்கும் மேற்கு மிட்லண்ட்ஸுக்கும் போக்குவரத்து, வீட்டுவசதி, தொழிற்பயிற்சி எனப் பல துறைகளின் பணமும் ஒருங்கிணைந்த ஒரே தொகுப்பாக வரத் தொடங்கியுள்ளது. புகைவண்டிப் பாதையும் குடியிருப்புத் திட்டமும் அமர்ந்திருக்கும் பந்தியில் பன்னிரண்டு பேர் கொண்ட எழுத்தறிவு வகுப்பும் இலை போட்டு அமர வேண்டும். குரலெழுப்பிக் கேளாவிடில் பரிமாறுபவர் கண்ணுக்கு அது தென்படாமலே போகலாம்.

ஆயத்தம் என்பது யாது?

அங்ஙனமாயின், கல்வி நிலையங்கள் செய்ய வேண்டுவது என்ன? நல்ல நிலையங்கள் செய்துவரும் சிலவற்றைக் கூறுவோம்.

இவ்வாயத்தத்துக்கு ஓர் ஒத்திகையே முன்னர் நடந்துள்ளது. 2012-13ஆம் ஆண்டில் நாட்டில் 15 இடங்களில் ‘சமூகக் கல்வி அறக்கூட்டுகள்’ என்னும் சோதனை நடத்தப்பெற்றது. ஓர் ஊரின் நகர மன்றம், கல்லூரி, நூலகம், தொண்டு அமைப்புகள், வீட்டுவசதிச் சங்கம், மாணவர் ஆகியோர் ஒன்றாக அமர்ந்து, அவ்வூரின் சமூகக் கல்விப் பணத்தை யாருக்கு, எதற்கு, எங்கே செலவிடுவது எனத் திட்டமிட வேண்டும் என்பதே அதன் கருத்து. அவ்வாறு அமரும்போதுதான், ஒரே தெருவில் மூன்று அமைப்புகள் ஒரே வகுப்பை நடத்துவதும், அடுத்த குடியிருப்பில் ஒன்றுமே இல்லாதிருப்பதும் வெளிப்படும். ‘நீர் செவ்வாய்க்கிழமை நடத்தும், நாம் அடுத்த பேட்டைக்குப் போகிறோம்’ என்று ஒருவர் விட்டுக்கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் தமக்குரிய மாணவர் எண்ணிக்கையைக் காட்டித்தான் ஒவ்வொருவரும் பணம் பெற வேண்டும் என்னும்போது, விட்டுக்கொடுத்தல் எளிதன்று. கூட்டுழைப்பு பெரும்பாலும் உடைவது இவ்விடத்திலேதான்.

அக்காலத்தில் அரசு வகுத்த மற்றொரு நெறியும் பயனுடையது. கட்டணம் செலுத்த இயன்றவரிடம் முறையான கட்டணம் வாங்க வேண்டும்; அதனையும், நன்கொடையையும், இலவசமாகக் கிடைத்த அறையையும், தொண்டர் தந்த நேரத்தையும் கணக்கில் எழுத வேண்டும்; அதனால் மிஞ்சும் பணத்தை இயலாதவருக்காகச் செலவிட வேண்டும். அதாவது, அரசு தந்த ஒவ்வொரு பவுண்டோடும் உள்ளூர் சேர்த்த பங்கு எவ்வளவு என்பதைக் காட்டுவது. ஓய்வுபெற்ற வழக்கறிஞர் இத்தாலிய மொழி வகுப்புக்குச் செலுத்தும் முழுக்கட்டணத்தால், அதே மண்டபத்தில் ஓர் ஏழைத்தாய் காசின்றி எழுத்துக் கற்கின்றாள். இக்கணக்கை ஆண்டுதோறும் எழுதிவைத்த நிலையங்களுக்கு, புதிய மேயரின் அதிகாரிகள்முன் எடுத்துக்காட்ட ஒரு சான்று கையிலிருந்தது. எழுதிவைக்காதவை வெறுங்கையோடு நின்றன.

சான்று என்பது இங்கு முதன்மையான சொல். தேர்வில்லாத வகுப்பில் ஒருவர் முன்னேறினார் என்பதை எவ்வாறு காட்டுவது? தொடக்கத்திலேயே ஆசிரியரும் மாணவரும் அமர்ந்து, ‘இவ்வகுப்பு முடியும்போது எனக்கு இன்னது தெரிந்திருக்க வேண்டும்’ என்று எழுதிக்கொள்வர்: ‘மருத்துவமனைக்கு நானே தொலைபேசியில் பேசி நேரம் குறிக்க வேண்டும்.’ இறுதியில் அது நிறைவேறிற்றா எனக் குறித்துவைப்பர். சிறிய செயல்தான். ஆயின் நூறு வகுப்புகளின் இக்குறிப்புகளை ஒன்றாகத் திரட்டினால் அது பேசும்.

மனநலத் துறையில் இது மெய்ப்பிக்கப்பட்டது. 2015 முதல், 60க்கு மேற்பட்ட சமூகக் கல்வி நிலையங்கள், மிதமான மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் வருந்துவோர்க்கெனக் குறுகிய கால வகுப்புகளை நடத்திப் பார்த்தன. ஓவியம், தோட்டக்கலை, மனநலத்தைத் தாமே பேணும் முறை எனப் பலவகை வகுப்புகள். 2018இல் வெளியான ஆய்வறிக்கையின்படி, தொடக்கத்தில் மருத்துவ அளவில் கவலைக்குரிய நிலையில் இருந்தவருள் ஏறத்தாழ பாதிப் பேர், வகுப்பு முடியும்போது அந்நிலையிலிருந்து மீண்டிருந்தனர். எல்லாரும் மீளவில்லை, எனினும் இந்த ஒரு செய்தியால், ‘ஓவிய வகுப்புக்கு அரசுப் பணம் எதற்கு?’ என்று கேட்டோர்க்கு விடை கிடைத்தது. சுகாதாரத் துறையோடு சேர்ந்து பணிபுரியும் வழியும் திறந்தது.

2024 ஆகஸ்டில் முதியோர் கல்வி நிதியின் பெயர் மாறி, சமூகக் கல்விக்கும் புதுப்பெயர் சூட்டப்பட்டது. வேலைக்கும் மேற்படிப்புக்கும் வழிசெய்வதே அதன் முதல் நோக்கம் என்று விதிகள் கூறின. முதலில் வெளியிட்ட வரைவு இன்னும் குறுகலானது. கல்வி நிலையங்கள் ஒரே குரலில் எடுத்துரைத்தபின், உடல்நலமும் மனநலமும் பேணுதல், பிள்ளைகளின் படிப்புக்குப் பெற்றோரைத் தகுதியாக்குதல், சமுதாயத்தை வலுப்படுத்துதல் ஆகியவையும் விதிகளில் இடம்பெற்றன. ஒன்றுபட்டு, சான்றோடு பேசினால் மேலுள்ளோர் செவிமடுப்பர் என்பதற்கு இதனைக் காட்டலாம். ஒரு நகர மன்றத்தின் நிலையம் தனியே சென்றால் எழுத்தரோடு பேசித் திரும்பும். வட்டாரத்தின் நிலையங்கள் எல்லாம் ஒரே பட்டியலோடு சென்றால் மேயரோடு பேசும்.

ஆலய மண்டபத்தின் திறவுகோல்

இக்கூட்டுழைப்பில் பங்குச் சமூகங்களுக்கும் இடமுண்டு என்பதால், நம் வாசகர்க்கென ஒரு சொல். கீழேயுள்ள சிறு சமூகம் தானே ஆற்றக்கூடிய பணியை மேலேயுள்ள பேரமைப்பு பறித்துக்கொள்வது நீதிக்கு முரண் என்று 1931ஆம் ஆண்டில் திருத்தந்தை பதினொன்றாம் பத்திநாதர் தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார். அதிகாரப் பரவலை ஆதரிப்போர் பலர் இக்கோட்பாட்டையே அறிந்தோ அறியாமலோ பேசுகின்றனர். ஆனால் அதே கோட்பாடு, சிறு சமூகத்தைத் துணையின்றித் தவிக்க விட்டுவிடவும் இசைவதில்லை. மேலுள்ளோர் உதவ வேண்டும் என்பதும் அதன் பொருளே. பொறுப்பை மட்டும் கீழே அனுப்பிவிட்டுப் பணத்தை மேலேயே நிறுத்திக்கொள்வது அதிகாரப் பரவல் ஆகாது.

இங்கிலாந்தின் பங்கு மண்டபங்கள் பலவற்றில் ஆங்கில வகுப்பும் பெற்றோர் வகுப்பும் நடைபெறுகின்றன. கல்லூரி வாயிலைக் கண்டு அஞ்சும் ஒருத்தி, ஞாயிறு தோறும் வந்து போகும் மண்டபத்துக்கு அஞ்சுவதில்லை. அறிமுகமான ஒருவர் ‘வாருங்கள், நானும் வருகின்றேன்’ என்று அழைத்தால் அவள் வருவாள். எந்த விளம்பரத்தாளும் செய்ய இயலாத பணி அது. ஆயினும் கூட்டு என்று பெயர் சூட்டிவிட்டு, மண்டபத்தின் திறவுகோலை மட்டும் வாங்கிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. யார் வருவர், எந்த நேரத்தில் வருவர், குழந்தைகளை எங்கே விடுவர் என்பதெல்லாம் பங்குப் பேரவைக்குத் தெரியும். வட்டார அலுவலகத்துக்குத் தெரியாது. காலை ஒன்பதரை மணிக்கு வகுப்பு என்றால், பள்ளியில் பிள்ளையை விட்டுவிட்டுப் பேருந்து ஏறும் தாய் எப்படி வந்து சேர்வாள்? திறவுகோலைத் தருவோர் திட்டமிடும் மேசையிலும் ஒரு நாற்காலியைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். கேட்பதில் நம்மவர்க்கு ஒரு கூச்சம் உண்டு, அது தேவையற்றது.

மாற்றங்கள் இன்னும் ஓயவில்லை. 2024 டிசம்பரில் நடுவண் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, நாடு முழுவதையும் இத்தகைய வட்டார ஆட்சியின்கீழ்க் கொணர்வதே குறிக்கோள் என்றது. அதற்கான சட்ட முன்வரைவு 2025 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 2025 மார்ச்சு இறுதியில், முன்னர்ப் பணம் வழங்கி வந்த நடுவண் நிறுவனம் மூடப்பட்டது. அதே செப்டம்பரில், முதியோர்க்கான தொழில்திறன் பொறுப்பு கல்வித் துறையிலிருந்து வேலை மற்றும் ஓய்வூதியத் துறைக்கு மாற்றப்படுவதாக அறிவிக்கப்பட்டது. துறையின் பெயரைக் கேட்டவுடனேயே சமூகக் கல்வி ஆசிரியர்க்கு ஓர் அச்சம் எழுந்திருக்குமாயின் அதில் வியப்பில்லை. 2025-26ஆம் கல்வியாண்டுக்கான நிதியும் குறைக்கப்பட்டது.

இவற்றோடு, மாவட்ட மன்றம் என்றும் அதன்கீழ் வட்ட மன்றம் என்றும் இரு தட்டுகளாக இருந்த பகுதிகளில், இரண்டையும் கலைத்து ஒரே மன்றமாக்கும் வேலையும் தொடங்கியுள்ளது. பெரும்பாலான பகுதிகளில் புதிய மன்றங்கள் 2028 ஏப்ரலில் பொறுப்பேற்க வேண்டும் என்பது திட்டம். இலண்டனுக்குத் தெற்கேயுள்ள சரே மாவட்டத்தில் அது ஓராண்டு முந்தி, 2027 ஏப்ரலில். அம்மாவட்டம் கிழக்கு, மேற்கு என இரு மன்றங்களாகப் பிரிகின்றது. அங்கு மாவட்ட மன்றம் நடத்திவரும் முதியோர் கல்விப் பணியின் ஆசிரியர், மையங்கள், மாணவர் பதிவேடுகள், ஒப்பந்தங்கள் ஆகிய அனைத்துக்கும் எது எப்பக்கம் சேர்வது என்று விடை காண வேண்டும். அதற்கிடையிலும் செப்டம்பரில் வழக்கம்போல் சேர்க்கை தொடங்கும். ஆங்கில வகுப்பில் இடம் கேட்டு வருவோரிடம் ஆசிரியை முதலில் கேட்கும் வினா, பெயரை அடுத்து, வீட்டின் அஞ்சல் குறியீடு என்ன என்பதாகவே இருக்கும்.